ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு நம் சபைக் கதவு திறந்திருக்கிறதா? வடசென்னைச் சபைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவொற்றியூர், மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துச் சபைகளிலிருந்து போதகர்களும் மூப்பர்களும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளும் எங்களிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் போதகர் இல்லை. மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 27 வருடம் ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் சபையில் தொழிலாளர் உதவி மேசையில் உட்காருகிறேன். சனிக்கிழமை மாலை 6 மணியிலிருந்து 8.30 வரை. ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு பிரிண்டர், நான், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு அண்ணன், பி.காம். படிக்கும் ஒரு தங்கச்சி. அவ்வளவுதான்.

சபைக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? ஆத்துமாவைப் பார்த்தால் போதாதா?

வடசென்னையே ஆலைச் சங்கு கேட்டு எழுந்த ஊர். பெரம்பூரில் பின்னி ஆலைச் சங்கு ஊதினால் ஓட்டேரி, புளியந்தோப்பு வீடுகளில் அடுப்பு பற்றும். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கியது அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். மதியச் சோறு தின்ன விடும் நேரம் போதவில்லை என்பது அன்றைய குறைகளில் ஒன்று. அந்த வீடுகளில் நம் சபைக் குடும்பங்களும் இருந்தன. 1996இல் ஆலை மூடியபோது வேலை போனவர்களிலும் நம் ஆட்கள் இருந்தார்கள்.

வேதத்திலேயே பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார். நம் ஆண்டவரைத் தச்சன் என்றுதான் ஊர் அழைத்தது. ஆத்துமா தனியாக நடந்து சபைக்கு வருவதில்லை. எட்டு மணி நேரம் நின்ற கால்களோடுதான் வருகிறது.

சரி, எங்கே தொடங்குவது? முதல் வேலை என்ன?

ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் சபையில் கம்பெனிக்குப் போகும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஐந்து விஷயம் எழுதுங்கள்: எந்த ஷிஃப்ட், வார விடுமுறை என்றைக்கு, கம்பெனி ஆளா காண்ட்ராக்ட் ஆளா, ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது.

இதை ஒரு மாதம் செய்தாலே சபை எவ்வளவு தெரியாமல் இருந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்குத் தெரிந்தது. "அந்தத் தம்பி பின்வாங்கிப் போயிட்டாரு" என்று உபவாச ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு வார விடுமுறை புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு அவர் மெஷின் முன்னால் நிற்கிறார். எட்டு மாதம் அவரைப் பின்வாங்கியவர் என்று நினைத்திருந்தோம். போய் மன்னிப்புக் கேட்டோம்.

பெரும்பாலான இடங்களில் காலை 6 முதல் 2, 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்று மூன்று ஷிஃப்ட்; வாரா வாரம் மாறும். அதற்கு ஏற்ற மாதிரி நம் நேரத்தை மாற்றத்தான் வேண்டும். எங்கள் சபையில் ஞாயிறு காலை 7.15க்கு நாற்பது நிமிட ஆராதனை வைத்தோம். நைட் முடித்து வருகிறவர்களுக்காக. ஆராதனை முடிந்ததும் இட்லி. 8.30 பிரதான ஆராதனை வழக்கம்போல உண்டு. முதல் ஷிஃப்ட்காரர்களுக்கு மாலை 4 மணிக்குச் சிறு கூட்டம். முதல் மாதம் காலையில் ஆறு பேர்தான் வந்தார்கள். நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. போதகர் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த ஆறு பேரும் மூன்று வருடமாக ஆராதனைக்கே வராதவர்கள் என்றார்.

நோட்டைப் பூட்டி வையுங்கள். அதில் உள்ளதை ஜெபக் குறிப்பாக மைக்கில் வாசிக்காதீர்கள். யாருக்கு வேலை போயிற்று, யார் கடனில் இருக்கிறார் என்பதெல்லாம் அவரவர் மானம்.

நைட் ஷிஃப்ட் பார்த்து வருகிறவர் பிரசங்கத்தில் தூங்குகிறார். எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். துரோவா பட்டணத்தில் பவுல் நெடுநேரம் பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் அவனைத் திட்டவில்லை, இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார். தூங்குகிறவரை மின்விசிறிக்குக் கீழே சாய்மானம் உள்ள பெஞ்சில் உட்காரவையுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. நைட் பார்த்தவர் காலை 8 மணிக்குப் படுத்தால் மதியம் 2 வரையாவது தூங்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பத்துக்குப் பத்து அறை, பிள்ளைகள், பக்கத்து வீட்டு டி.வி. இதற்கு மேல் நம் சபையின் குழாய் ஒலிபெருக்கி. மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்துக்குக் காலை 10 மணியிலிருந்து ஸ்பீக்கர் கட்டுகிறோமே, நம் தெருவில் எத்தனை வீட்டில் அந்நேரம் ஆள் தூங்குகிறார் என்று எண்ணியிருக்கிறோமா? நாங்கள் வெளிக் குழாயை இறக்கிவிட்டோம், ஒலி உள்ளே மட்டும்தான். அந்த வாரமே எதிர்வீட்டு இந்துக் குடும்பத்து அம்மா வந்து போதகரம்மாவிடம் நன்றி சொன்னார். அவர் மகனுக்கு நைட் ஷிஃப்ட்.

வீடு சந்திப்புக்கும் இதே கணக்குதான். காலை 11 மணிக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். நோட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வேலையில் அடிபட்டால் சபை என்ன செய்ய முடியும்?

இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதல் இரண்டு மணி நேரத்தில் நடப்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் இருபது வருடம் மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சபைக்கு ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். வயது 22, பிரஸ் ஆபரேட்டர், காண்ட்ராக்ட். ஒரு ஞாயிறு திருவிருந்தில் எல்லாரும் கை நீட்டினார்கள், அவன் மட்டும் வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினான். கிரீஸ் கறைக்கு வெட்கப்படுகிறவர்கள் உண்டு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் பார்த்தேன், கைக்குட்டை சுற்றியிருந்தது. ஆள்காட்டி விரல் நுனி, நடுவிரல் பாதி போயிருந்தது. பதினோரு நாள் ஆகிவிட்டது. காண்ட்ராக்டர் ஆள் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போய், "பைக்ல போய் விழுந்தேன்னு சொல்லிடு, நான் பார்த்துக்கறேன்" என்றிருக்கிறார். 5,000 ரூபாய் கையில் கொடுத்திருக்கிறார். பையன் அப்படியே சொல்லிவிட்டான். காகிதத்தில் அவன் பைக்கில் விழுந்தவன். அதை மாற்றி எழுதவைக்க நாங்கள் பட்ட பாடு ஒரு வருடத்துக்கு மேல்.

ஆகவே உங்கள் சபை வாலிபர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு ஞாயிறு பிரசங்க நேரத்தையே கொடுத்தாலும் தப்பில்லை.

விரல் துண்டாகிவிட்டால், துண்டைச் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்ற வேண்டும். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைக்க வேண்டும். துண்டு நேரடியாக ஐஸில் படக்கூடாது, திசு செத்துவிடும். காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து, 108க்குப் போன். நமக்குப் பக்கத்திலேயே ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அதன் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. அதைக் கடந்து வேறு எங்கோ போய் நேரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

மருத்துவமனையில் "எப்படி அடிபட்டது" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். அங்கே எந்தக் கம்பெனி, எந்த மெஷின், எத்தனை மணி என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பிறகு கேட்கும் எல்லா உரிமைக்கும் அந்த ஒரு வரிதான் ஆதாரம். சபையிலிருந்து ஒருவர் கூடவே நின்றால் பையன் பயப்படாமல் உண்மையைச் சொல்வான். அந்தப் பையனோடு அன்று நாங்கள் யாரும் இல்லை.

அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. உள்ளவர் என்றால், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். உறுப்பு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டால் மாதாந்திரத் தொகை உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் இது பொருந்தும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் விரைவுச்சாலையில் பைக் ஓட்டும் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் இல்லையா?

பார்த்துக்கொள்ளும் கம்பெனி உண்டு. பிடித்த பணத்தைக் கட்டாத காண்ட்ராக்டரும் உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறது என்பதற்காகக் கட்டியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உடம்பு முடியாமல் விடுப்பு எடுத்தால் 70 சதவீதச் சம்பளம் வருடத்துக்கு 91 நாள் வரை, பிரசவத்துக்கு 26 வாரம். நமக்குப் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனை அயனாவரத்தில் இருக்கிறது. பி.எஃப்.புக்கு, யூ.ஏ.என். என்கிற பி.எஃப். உறுப்பினர் எண்ணில் பதிந்த போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். எங்கள் மேசையில் முதலில் செய்யும் வேலை இதுதான். பணம் ஏறாமல் இருப்பது தெரிந்ததும் சிலர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஒரு அக்கா போனை என் கையில் கொடுத்து, "அண்ணா, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்றார். மூன்று தடவை போட்டோம்.

நம் சபைகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் வேறு, ஆதாரில் இன்னொன்று, இனிஷியல் முன்னால் பின்னால். பெயர் பொருந்தவில்லை என்று பி.எஃப். கேட்பு நிற்கும். ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை நடக்காது. ஆதாரோடு பொருந்தும்படி திருத்தம் கேட்க வேண்டும், சிலருக்கு முதலாளியின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். இதை ஓய்வு பெறும் மாதத்தில் செய்யாமல் இப்போதே செய்யுங்கள்.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்யாணமாகாத பையன் பி.எஃப்.பில் அம்மாவை நாமினியாகப் போட்டிருப்பான். கல்யாணமானதும் அந்த நியமனம் செல்லாமல் போகிறது, புதிதாகப் போட வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தால் பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை வாய்ப்பு உண்டு. நாமினி சரியாக இல்லாவிட்டால் மாமியாரும் மருமகளும் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்கும். திருமண ஓலை வாசிக்கப் பெயர் கொடுக்க வரும்போதே "நாமினி மாத்துங்க தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நாங்கள் வக்கீல் இல்லையே. சட்டம் தெரியாமல் எப்படி உதவுவது?

தெரிந்தவரிடம் கூட்டிப்போனால் போதும். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம், 15100க்கும் பேசலாம். தொழிலாளர் துறை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, இதிலும் இருக்கிறது. நீங்கள் கூடப் போங்கள். ஆபீஸ் வாசலில் தனியாக நிற்பவரை நாளைக்கு வா என்பார்கள். கூட ஒரு பெரியவர் நின்றால் உட்காரச் சொல்வார்கள்.

தண்டல் கடனில் மாட்டியவர்களுக்குச் சபை பணம் கொடுக்கலாமா?

வடசென்னையில் தண்டல் தெரியாத தெரு இல்லை. 10,000 கடன் என்றால் கையில் 8,500 வரும். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். 8,500க்கு 1,500 தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் வருடக் கணக்கில் போட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். ஓ.டி. இல்லாத மாதத்தில் ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல்.

எங்கள் அனுபவத்தில் கடனை மொத்தமாக அடைத்துக் கொடுத்தது இரண்டு தடவை தோற்றது. ஆறு மாதத்தில் திரும்ப அதே நிலை. பிறகு வேறு மாதிரி செய்தோம். வட்டியில்லாத அவசர நிதி, அதிகபட்சம் 5,000, மருத்துவம், பள்ளிக் கட்டணம், ஊரில் சாவு இந்த மூன்றுக்கு மட்டும். சம்பள நாளில் தவணை. முடிவெடுப்பவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் பெண். தண்டல் வாங்கும் அந்த முதல் நாளைத் தடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மிரட்டல் இருந்தால் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். தயவுசெய்து சபைக்குள் ஏலச்சீட்டு நடத்தாதீர்கள்.

வட மாநிலத் தொழிலாளர்கள் நிறைய வந்துவிட்டார்கள். மொழியும் தெரியாது. எப்படி அணுகுவது?

முதலில், "ஹிந்திக்காரங்க" என்று மொத்தமாகச் சொல்வதை விடுங்கள். ஒடியா பேசுகிறவர், போஜ்புரி பேசுகிறவர், அசாமியர், சந்தாலி பேசுகிறவர் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா பக்கத்துப் பிள்ளைகள் சாத்ரி பேசுவார்கள். அவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள், கத்தோலிக்கர்கள், லூத்தரன்கள், வட இந்தியத் திருச்சபைக்காரர்கள். ராஞ்சியில் 1845இலேயே ஜெர்மன் மிஷனரிகள் வந்து தொடங்கிய சபை உண்டு. நம் சபை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கும் அந்தப் பையன், நான்கு தலைமுறையாகக் கீர்த்தனை பாடும் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். எங்களிடம் வந்த ஒருவனைப் புது விசுவாசி என்று நினைத்து அடிப்படை வகுப்பில் உட்காரவைத்தோம். அவன் தாத்தா உபதேசியார்.

மொழிக்கு ஆள் உங்கள் சபையிலேயே இருக்கிறார். ராணுவத்தில் இருந்தவர், ரயில்வேயிலும் ஐ.சி.எஃப்.பிலும் வேலை பார்த்தவர், எல்லாரும் இந்தி பேசுவார்கள். ஓய்வு பெற்றபின் தங்களுக்குச் சபையில் வேலையில்லை என்று பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிடுங்கள்.

தங்குமிடத்தைப் போய்ப் பாருங்கள். ஒரு அறையில் பன்னிரண்டு பேர், படுக்கை மூன்று ஷிஃப்டுக்கும் சூடு ஆறாது. அவர்கள் கேட்பது பெரிய விஷயமாக இருக்காது. ஊருக்குப் பணம் அனுப்புவது, ரேஷன், டாக்டரிடம் வயிற்றுவலியை விளக்குவது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஊர் ரேஷன் அட்டை இருந்தால் இங்கே கடையில் அரிசி, கோதுமை வாங்கலாம். ஒரு தடவை கூடப் போய்க் கடைக்காரரிடம் பேசிவிட்டால் பிறகு தானே போவார்.

2023 மார்ச்சில் வட மாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பல பிள்ளைகள் பயந்து ரயில் ஏறினார்கள். அன்று அவர்களுக்கு உள்ளூரில் நம்பிப் போன் செய்ய ஒரு எண் இருந்திருந்தால் போதும்.

கடைசியாக, சாவு. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். எல்லாரும் வெளி மாநிலத்தவர்கள். அந்த மாதிரிப் பெரிய விபத்தில் அரசு வந்துவிடும். தனியாக ஒருவன் அறையில் செத்துக் கிடக்கும்போதுதான் யாரும் இருக்கமாட்டார்கள். உடலை ஊருக்கு அனுப்ப எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, உடலைப் பதப்படுத்திய சான்று, இறப்புச் சான்று, போலீஸ் தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். அண்ணன் தம்பி அழுதுகொண்டு மார்ச்சுவரி வாசலில் உட்கார்ந்திருக்கையில் இதையெல்லாம் யார் வாங்குவது? நாங்கள் ஒரு முறை செய்தோம். ஸ்டான்லி மார்ச்சுவரிக்கு எதிரில் டீ வாங்கிக் கொடுத்தபோது அந்தப் பையன் கிளாஸைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஐ.சி.எஃப். அண்ணன் இந்தியில் அவன் அம்மாவோடு போனில் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

இதை மதமாற்றம் என்று சொல்வார்களே?

சொல்லத்தான் செய்வார்கள். அதற்கு இடம் கொடுக்காமல் நடந்துகொள்வது நம் கையில் இருக்கிறது. உதவி மேசையைப் பீடத்துக்கு முன்னால் போடாமல் வெளி வராந்தாவில் போடுங்கள். அரிசிப் பையோடு கைப்பிரதி வைக்காதீர்கள். யாருடைய மதத்தையும் படிவத்தில் கேட்காதீர்கள். நாங்கள் ஆரம்பத்தில் கம்பெனி கேட்டில் நின்று புதிய ஏற்பாடு கொடுத்தோம். பத்து மணி நேரம் உழைத்து, பஸ்ஸுக்கு ஓடுகிற ஆளை நிறுத்தி வைத்தோம். அது தவறு என்று இப்போது தெரிகிறது. பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாத்தோடும் கோயில் அன்னதானக் குழுவோடும் சேர்ந்து ரத்ததானம், மருத்துவ முகாம் நடத்துங்கள். ஒருவர் தானாக வந்து உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் அன்பாகச் சொல்லுங்கள். கேட்காதவருக்கும் அதே உதவி, அதே மரியாதை.

பெண் தொழிலாளர்களுக்கு என்று தனியாக ஏதாவது?

இதைப் பெண்களே பேச வேண்டும். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் சொன்னதை எழுதுகிறேன். கார்மென்ட்ஸ் கம்பெனியில் பீஸ் கணக்கு விரட்டுகிறது, பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் மணி பார்க்கிறார், அதனால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று, கல். மாலையில் சபைக்கு வரும் அந்தப் பெண்கள் முதலில் தேடுவது கழிவறை. நம் சபைகளில் எத்தனை இடத்தில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிவறை இருக்கிறது? பீடத்துக்கு கிரானைட் போடும் முன் அதைப் பாருங்கள் என்றார். கமிட்டியில் யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் கட்டினோம்.

பாலியல் தொல்லை என்றால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பெண்கள் உதவி எண் 181க்கும் பேசலாம். "ஜெபிக்கலாம்மா, விட்டுடு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

குடிக்கிறவர்களை என்ன செய்வது?

அது நோய் என்று ஒத்துக்கொள்வதில் ஆரம்பியுங்கள். மேடையிலிருந்து திட்டினால் அவர் வரமாட்டார், மனைவி மட்டும் அழுதுகொண்டு வருவார். குடிநோயாளர்கள் தங்களுக்குள் நடத்தும் ஏ.ஏ. கூட்டத்துக்கு வாரம் ஒரு நாள் இலவசமாக ஒரு அறையைக் கொடுங்கள், சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் போய்விடுங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, பிதற்றல் வரலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். மனம் உடைந்து பேசுகிறவருக்கு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.

வேலைநிறுத்தம் வந்தால் சபை யார் பக்கம்? எங்கள் மூப்பரே ஒரு கம்பெனி மேனேஜர்.

கடினமான கேள்வி, ஆனால் தப்பிக்க முடியாது. கூலிக்காரனுக்குப் பொழுது சாயும் முன் கூலி கொடு என்கிறது உபாகமம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. கத்தோலிக்கத் திருச்சபையில் போப் பதின்மூன்றாம் லியோ 1891இலேயே தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை எழுதிவைத்தார். சங்கத்தில் சேருவது பாவம் என்ற பேச்சை மட்டும் சபையில் அனுமதிக்காதீர்கள்.

போராட்ட நாட்களில் தண்ணீர் கொடுங்கள், கூடிப் பேச ஹாலைக் கொடுங்கள், சம்பளமில்லாத வீடுகளுக்கு மளிகை கொடுங்கள். மேனேஜர் மூப்பரிடம் போதகர் தனியாகப் பேச வேண்டும், மேடையிலிருந்து குத்திப் பேசக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு மூப்பர், தன் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு கேண்டீனில் தனி வரிசை இருந்ததை அப்படி ஒரு பேச்சுக்குப் பிறகு எடுத்துவிட்டார். அவருக்கு அது சுலபமாக இருக்கவில்லை.

சாதியையும் மறக்காதீர்கள். 1921 பின்னி ஆலைப் போராட்டம் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் என்று பிளந்து, புளியந்தோப்பு ரத்தம் பார்த்தது. கல்லறையிலும் கமிட்டித் தேர்தலிலும் நாம் சாதி பார்த்துக்கொண்டு, தொழிலாளர் ஒற்றுமை பற்றிப் போதிக்க முடியாது.

மே தினத்தைச் சபையில் கொண்டாடலாமா?

தாராளமாக. இந்தியாவில் முதல் மே தினம் 1923இல் சிங்காரவேலர் நடத்தியது நம் சென்னைக் கடற்கரையில்தான். 1955இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் அதே நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளாக அறிவித்தார். எங்கள் சபையில் அன்று காணிக்கைத் தட்டோடு ஸ்பானர், கையுறை, தையல் கத்திரி, மீன் கூடை கொண்டுவந்து வைப்போம்.

வாயுக் கசிவு, வெள்ளம் வந்தால்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதே மாதம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தது.

இந்தப் பகுதியில் உள்ள ஒவ்வொரு சபையும் இரவில் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத் தெருவில் நான்கு பேருக்குச் சொல்லி வையுங்கள். அம்மோனியா என்றால் ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலக வேண்டும், கண்ணில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மறுநாள் சபைக்குள் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று கணக்கு எடுத்து வையுங்கள். நிவாரணப் பட்டியலுக்கு உதவும்.

இதற்கெல்லாம் எவ்வளவு பணம் வேண்டும்?

எங்கள் மேசைக்கு மாதம் 3,000 ரூபாய்க்குள். பேப்பர், மை, டீ, ஆட்டோ. அவசர நிதி தனி, சம்பள நாளில் தொழிலாளர்களே போடுகிறார்கள்.

எங்கள் சபைப் பக்கம் தொழிலாளர்கள் அவ்வளவாக இல்லையே?

ஒரு திங்கட்கிழமை காலை 5 மணிக்கு உங்கள் சபைக் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நில்லுங்கள். டிபன் பையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நடக்கிறவர்கள், கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள், விம்கோ நகர் மெட்ரோவிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவர்கள். 6.30 வரை நின்றால் நைட் முடித்துத் திரும்புகிறவர்களையும் பார்ப்பீர்கள். ஒரு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோங்கள். பேச்சை அவர்களே ஆரம்பிப்பார்கள்.